சிங்கப்பூர் பியரும் மன்னார்குடி நொய்யும்

கேள்வி:

வணக்கம் மேடம். இருபது வருஷத்துக்கு மேல் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு மன்னார்குடி பக்கம் சொந்த ஊருக்கே வந்துவிட்டேன். வயது 58. அங்கே இருந்தபோது வீட்டிலேயே பியர் போடுவேன். டின்னில் வரும் மால்ட் சாறு, ஈஸ்ட் பாக்கெட், 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, அவ்வளவுதான் சாமான். அந்த நாட்டுச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு.

ஊருக்கு வந்தும் கை சும்மா இருக்கவில்லை. ஒரு கிலோ பன்னீர் திராட்சை, ஒரு கிலோ சர்க்கரை, இரண்டு லிட்டர் தண்ணீர் என்று ஒயின் போட்டேன். நுரை அடங்கியதும் பழைய பாட்டில்களில் அடைத்து, நெல் மூட்டை அடுக்கும் அறையில் வைத்தேன். சித்திரை வெயிலில் இரண்டு பாட்டில் வெடித்துவிட்டன. ஏன் இப்படி ஆனது?

எங்கள் நிலத்தில் மாப்பிள்ளைச் சம்பாவும் தூயமல்லியும் விளைகிறது. அந்த அரிசியில் பியர் வருமா? சித்தப்பா மகன் இன்னொன்று சொல்கிறான். கும்பகோணத்தில் ஒரு செம்பு அண்டா செய்யச் சொல்லி, அதில் வடித்துவிட்டால் நல்ல சரக்கு கிடைக்குமாம். முதலில் வரும் ஒரு டம்ளரைக் கொட்டிவிட்டால் விஷம் போய்விடுமாம். பற்றவைத்துப் பார்த்து நீலமாக எரிந்தால் சுத்தமாம். அண்டாவுக்கு அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. மருமகன்தான் "மாமா, இது போலீஸ் கேஸ்" என்கிறார். விற்கவா போகிறேன், சொந்தத்துக்குத்தானே? இங்கே ஆகாது என்றால் தங்கை காரைக்காலில் இருக்கிறாள், அவள் வீட்டில் செய்யலாமா?

பெயர் வேண்டாம். மன்னார்குடி வட்டம்.

பதில்:

வணக்கம் சார். மருமகன் சொன்னதுதான் சரி. பிடிக்காத பதிலை முதலில் முடித்துவிட்டால் மற்றதை நிதானமாகப் பேசலாம்.

தமிழ்நாட்டில் பியர், ஒயின், சாராயம் எதையும் வீட்டில் செய்யச் சட்டம் இடம் தரவில்லை. 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடப்பில்தான் இருக்கிறது. டாஸ்மாக் கடைகள் நடப்பதே அந்தச் சட்டத்துக்குள் கொடுத்துக்கொண்ட அனுமதியில்தான். அனுமதி இல்லாமல் செய்வது குற்றம், செய்ததை வைத்திருப்பது குற்றம், செய்வதற்கான பாத்திரத்தையும் பொருளையும் வைத்திருப்பதும் குற்றம். சொந்த உபயோகத்துக்கு இத்தனை லிட்டர் வரை போட்டுக்கொள்ளலாம் என்று எந்தச் சலுகையும் அதில் கிடையாது. 2024-இல் கள்ளக்குறிச்சி சாவுகளுக்குப் பிறகு சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளைக் கூட்டினார்கள். காய்ச்சியதைக் குடித்து யாராவது இறந்துபோனால் ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம்.

வேளாங்கண்ணி, நாகப்பட்டினம் பக்கம் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் திராட்சை ஒயின் போடுகிறார்களே என்று கேட்பீர்கள். போடுகிறார்கள்தான். வழக்கம் இருக்கிறது என்பதால் சட்டத்தில் விலக்கு இருக்கிறது என்று ஆகாது. கோயிலில் திருப்பலிக்கு வைக்கும் ரசத்துக்கே தனி விதியும் உரிமமும் உண்டு. உங்களுக்குத் தென்னந்தோப்பு இருந்தால் கள்ளைப் பற்றியும் யோசித்திருப்பீர்கள். 1987 முதல் இங்கே கள் இறக்கவும் தடை. அந்தத் தடையை எடுக்கச் சொல்லி விவசாயிகள் எத்தனையோ போராட்டம் நடத்திவிட்டார்கள், தடை அப்படியே நிற்கிறது.

காரைக்கால் டெல்டாவுக்குள்ளேயே இருந்தாலும் புதுச்சேரி ஆட்சி. அங்கே கடையில் மது விற்கலாம், கள்ளுக்கும் உரிமம் உண்டு. ஆனால் உரிமம் எடுத்தவருக்குத்தான். அங்கேயும் 1970-ஆம் வருஷத்துக் கலால் சட்டம் இருக்கிறது. தங்கை வீட்டு அடுப்படியில் உரிமம் இல்லாமல் காய்ச்சினால் அதன்படி குற்றம். அப்படியே செய்தாலும் வாஞ்சூர் சோதனைச் சாவடியைத் தாண்டி ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தால் இந்தப் பக்கத்துச் சட்டம் பிடித்துக்கொள்ளும். தங்கையை இதில் இழுக்காதீர்கள்.

சிங்கப்பூரில் நீங்கள் செய்தது சரிதான். 18 வயது ஆனவர், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மிகாமல், விற்காமல், பியரோ ஒயினோ போட்டுக்கொள்ளலாம் என்பது அந்த ஊர் விதி. அதே விதியில் இன்னொரு வரியும் உண்டு. காய்ச்சிச் சாராயமாக வடிக்கக் கூடாது. இங்கிலாந்திலும் அப்படித்தான்; வீட்டு பியருக்கு வாங்கவேண்டியிருந்த உரிமத்தை 1963-இல் எடுத்துவிட்டார்கள், வடிப்பதற்கு இன்றைக்கும் உரிமம் வேண்டும். அமெரிக்காவில் 1978-இல் கொண்டுவந்த சட்டம் வீட்டு பியரை விடுவித்தது, வீட்டுச் சாராயத்தை விடவில்லை. நியூஸிலாந்து போல ஓரிரு நாடுகள்தான் சொந்தத்துக்கு வடிப்பதையும் அனுமதிக்கின்றன. பியரும் சாராயமும் ஒன்றல்ல என்பது பெரும்பாலான நாடுகளின் சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. ஐந்து லிட்டர் பியரையும் கருவேலங்காட்டுக்குள் புதைத்த சாராய ஊறலையும் ஒரே பிரிவில் வைக்கும் நம் சட்டம் எனக்கு உடன்பாடானதில்லை. அதற்காக உங்களை "செய்யுங்கள்" என்று சொல்ல முடியாது.

சரி, பாட்டில் ஏன் வெடித்தது?

உங்கள் அளவில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ திராட்சையில் 150 கிராம் போலச் சர்க்கரை இருக்கும். நீங்கள் சேர்த்தது ஒரு கிலோ. எல்லாம் சேர்ந்து மூன்றே கால் லிட்டர் என்று வைத்தால், லிட்டருக்கு 350 கிராம் சர்க்கரை. ஒரு சதவீத ஆல்கஹால் வர லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை செலவாகும். அத்தனை சர்க்கரையும் தீர வேண்டும் என்றால் 20 சதவீதத்துக்கு மேல் போக வேண்டும். ஒயின் ஈஸ்ட் சாதாரணமாக 14, 15 சதவீதத்தில் ஓய்ந்துவிடும். ரொட்டி ஈஸ்ட் என்றால் அதற்கும் முன்னாலேயே. ஆக நுரை அடங்கியபோது சர்க்கரை தீர்ந்திருக்கவில்லை, ஈஸ்ட் களைத்துப் படுத்திருந்தது. வெளியே ஊற்றி, காற்றுப் பட்டு, சித்திரைச் சூடும் சேர்ந்ததும் அது மறுபடி எழுந்திருக்கிறது.

மூடிய பாட்டிலுக்குள் லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தாலே, அந்தப் பாட்டில் அளவுக்கு ஒரு பாட்டில் வாயு வெளிவரும். பியர்க்காரர்கள் நுரைக்காகக் கடைசியில் சர்க்கரை சேர்ப்பதே லிட்டருக்கு 6 முதல் 8 கிராம்தான், அதுவும் அதற்கென்று செய்த தடித்த பாட்டிலில். உங்களிடம் பாக்கி இருந்தது லிட்டருக்கு நூறு கிராம் போல. அதில் இருபது கிராம் நொதித்திருந்தாலும் ஐந்து பங்கு வாயு. பழைய சரக்கு பாட்டிலோ சாஸ் பாட்டிலோ அந்த அழுத்தத்துக்குச் செய்ததில்லை. சிங்கப்பூரில் உங்களுக்கு இப்படி ஆகாததற்குக் காரணம் டின்னோடு வந்த குறிப்பும், குளிர்சாதன அறையும்தான்.

வெடிக்காமல் மிச்சமிருக்கும் பாட்டில்களை இப்போதே கவனியுங்கள். வெறுங்கையால் தூக்காதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தடித்த உறை, பாட்டில் மேல் ஈரச் சாக்கு. அதிகாலை வெயில் ஏறுமுன் ஐஸ் தண்ணீர் நிறைந்த தொட்டியில் இறக்கி இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். குளிர்ந்தால் வாயு நீரில் கரைந்து அழுத்தம் குறையும். பிறகு சாக்கோடு சேர்த்து மூடியை மெதுவாகத் திறந்து தென்னைமரத்தடியில் கொட்டிவிடுங்கள். யாருக்கும் கொடுக்க வேண்டாம், நீங்களும் ருசி பார்க்க வேண்டாம். சட்டத்தின் கண்ணில் அதுவும் மதுதான்.

நெல் அறை விஷயம் இன்னொன்று. 20 லிட்டர் பியர் நொதித்து முடிவதற்குள் 400 லிட்டர் அளவுக்குக் கரியமில வாயு வெளியே வரும். அது காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். ஜன்னல் இல்லாத அறையில் மூட்டைக்கு நடுவே குனிந்து வேலை பார்ப்பவருக்கு மூச்சுத் திணறும். பாழுங்கிணற்றில் தூர்வார இறங்கியவர்கள் மயங்கி விழுந்த செய்தி நம் பக்கம் புதிதில்லை. அந்த அறையில் இனி எதையும் ஊறவைக்காதீர்கள்.

இப்போது செம்பு அண்டா.

சித்தப்பா மகன் சொன்ன இரண்டு சோதனையும் தவறு. நம் ஊரில் ரொம்பப் பேர் நம்புவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அவர் சொல்லும் விஷம் மெத்தனால். அது 64.7 டிகிரியில் கொதிக்கும், நாம் குடிக்கும் எத்தனால் 78.4 டிகிரியில். எனவே மெத்தனால் முதலில் வந்துவிடும், ஒரு டம்ளரைக் கொட்டினால் போதும் என்று கணக்குப் போடுகிறார்கள். தனித்தனியாக இருந்தால் அப்படி நடக்கும். தண்ணீரும் எத்தனாலும் கலந்த கலவையில் மெத்தனால் தன் கொதிநிலையைப் பார்த்து முதலில் கிளம்பிப் போவதில்லை. சாதாரண அண்டாவில் வடித்தால் முதல் சொட்டிலிருந்து கடைசி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். முதலில் கொட்டுவதில் நெயில் பாலிஷ் வாடை அடிக்கும் வேறு சில பொருட்கள் போகும், அவ்வளவுதான். நீலத் தீச் சோதனை இன்னும் மோசம். எத்தனாலும் நீலமாக எரியும், மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும். பகல் வெளிச்சத்தில் மெத்தனால் தீ கண்ணுக்கே தெரியாது. பத்துப் பங்கில் ஒரு பங்கு மெத்தனால் கலந்த சரக்கும் உங்கள் சோதனையில் பாஸ் ஆகிவிடும்.

இதில் நியாயமாகச் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. அரிசியோ சர்க்கரையோ நொதித்தால் மெத்தனால் அநேகமாக வராது. பழத்தோலில் உள்ள பெக்டின் உடையும்போது கொஞ்சம் வரும், ஒயினில் அது இருக்கிற அளவு யாரையும் சாய்ப்பதில்லை. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டிலும் 20 பேருக்கு மேல் போனார்கள், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் போனார்கள். அவை ஊறலில் தானாக வந்த விஷத்தால் நடந்தவை அல்ல. தொழிற்சாலைக்குப் போகும் மெத்தனாலை வாங்கிக் கலந்து விற்றதால் வந்த சாவுகள். 10 மில்லி பார்வையைப் பறிக்கப் போதும், 30 மில்லியில் உயிரே போகலாம். உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். மாற நேரம் எடுப்பதால் குடித்தவர் முதலில் சாதாரணமாக நடமாடுவார். பன்னிரண்டு மணி நேரம், ஒரு நாள் கழித்து வயிற்றுவலி, வாந்தி, கண்ணுக்கு முன் பனி மூட்டம் போல வெண்மை. அந்த நிலையில் யாரைப் பார்த்தாலும் "போதை தெளியட்டும்" என்று திண்ணையில் படுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழைத்து, திருவாரூரோ தஞ்சாவூரோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். முறிவு மருந்தும் டயாலிசிஸும் இருக்கின்றன, நேரத்தோடு போனால் கண்ணையும் காப்பாற்றலாம். என்ன குடித்தார் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அப்படியென்றால் சொந்த அரிசியில் நாமே வடித்தால் ஆபத்தில்லையே என்று சித்தப்பா மகன் திருப்பிக் கேட்பார். மெத்தனாலால் சாகாவிட்டால் தீயால் சாகலாம். வடிந்து வரும் சரக்கின் ஆவி நம் ஊர் அறைச் சூட்டிலேயே தீப்பிடிக்கும். மூட்டுகளில் களிமண்ணோ கோதுமை மாவோ பூசி, கீழே கேஸ் அடுப்போ விறகடுப்போ எரிய, பூச்சில் ஒரு விரிசல் விழுந்தால் போதும். சுருள் குழாய்க்குள் தவிடு அடைத்துக்கொண்டால் அண்டா வெடிக்கும். அப்புறம் உலோகம். ஈயம் பூசாத பித்தளையில் புளி கரைத்தால் களிம்பு ஏறும் என்று உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். புளித்த ஊறல் செம்பை அதே மாதிரி அரிக்கும். குழாயைப் பற்றவைக்கப் போடும் சால்டரில் காரீயம் இருந்தால் அது சொட்டுச் சொட்டாகச் சரக்கில் இறங்கும். காரீயம் ஒரே நாளில் காட்டிக்கொடுக்காது, வருஷக்கணக்கில் உடம்பில் சேரும். ரசத்துக்கு வைக்கும் ஈயச்சொம்பு வேறு, அது வெள்ளீயம்.

ஆகவே அண்டா வேண்டாம். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், சட்டம் அனுமதித்தாலும் வீட்டு அடுப்படியில் வடிப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அட்வான்ஸ் திரும்ப வராவிட்டால் மூடியும் குழாயும் இல்லாமல், உள்ளே வெள்ளீயம் பூசி, 15 லிட்டர் தவலையாக மாற்றித் தரச் சொல்லுங்கள். கீழே சொல்லப் போகும் வேலைக்கு அது உதவும்.

அரிசியில் பியர் வருமா என்று கேட்டீர்களே, எனக்கு உங்கள் கடிதத்தில் ரொம்பப் பிடித்த கேள்வி அதுதான். அரிசி மட்டும் போட்டால் வராது. ஈஸ்ட்டுக்குச் சர்க்கரை தெரியும், மாவுச்சத்து தெரியாது. மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்க நொதி வேண்டும். பார்லி முளைக்கும்போது அந்த நொதி அதற்குள்ளேயே உண்டாகிறது. மால்ட் என்பது அப்படி முளைவிட்டுக் காய்ந்த பார்லிதான். ஜப்பானில் அரிசி மேல் ஒரு பூஞ்சையை வளர்த்து அந்த வேலையை வாங்குகிறார்கள். வடகிழக்கு மாநிலங்களில் இலை, வேர் சேர்த்துத் தட்டிய மாவு அடையில் பூஞ்சையும் ஈஸ்ட்டும் சேர்ந்தே இருக்கும். அசாமின் திமாசா மக்கள் செய்யும் ஜுதிமா என்ற அரிசி மதுவுக்கு 2021-இல் புவிசார் குறியீடே கிடைத்தது.

நம்மிடமும் இது இருந்தது. பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் கள்ளுக்கு ஒரு செய்முறையே இருக்கிறது. குற்றாத அரிசியைக் கூழாகத் துழாவி, அகன்ற வாய்த் தட்டில் ஆற்றி, முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு ஜாடியில் விளையவிட்டு, வடிகட்டி எடுக்கிறார்கள். கூழை ஆற வைத்த பிறகு முளையைச் சேர்க்கிறார்களே, அந்த வரிசையைக் கவனியுங்கள். கொதிக்கும் கூழில் போட்டிருந்தால் நொதி செத்திருக்கும். தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் அதைத் தெரிந்துவைத்திருந்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அது காஞ்சிப் பக்கத்துப் பாட்டு. நம் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில் கள் விற்கும் கடையின் கொடிதான் பறக்கிறது, செய்முறை கிடையாது.

நான் சொல்ல வந்தது இதுதான். பியர் போடுவதில் கைத்திறமை கேட்கும் பாதி, ஈஸ்ட் உள்ளே விழுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. முளைகட்டுவது, சூட்டைப் பிடித்து வைப்பது, மாவுச்சத்து உடைந்ததா என்று பார்ப்பது, வடிகட்டுவது, கசப்பும் மணமும் ஏற்றுவது. சிங்கப்பூரில் நீங்கள் டின்னைத் திறந்து ஊற்றியபோது இந்தப் பாதியை வேறொருவர் உங்களுக்காகச் செய்து அனுப்பியிருந்தார். மன்னார்குடியில் அந்தப் பாதியை நீங்களே செய்யலாம். ஈஸ்ட் சேராதவரை அதில் மது இல்லை, அது மால்ட் கஷாயம்தான். ஈஸ்ட்டோடு செய்திருந்தாலும் நம் வெயிலில் நன்றாக வந்திருக்காது. பியர் ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரியில் ஒழுங்காக வேலை செய்யும். 32 டிகிரி அறையில் விட்டால் தொண்டையை எரிக்கும் கன ஆல்கஹால்களைத்தான் அள்ளிக் கொடுக்கும்.

எட்டு லிட்டர் அளவுக்குச் சொல்கிறேன்.

கேழ்வரகு 700 கிராம் எடுத்து ஒரு இரவு ஊறவையுங்கள். நீரை வடித்து ஈரத் துணியில் கட்டி இரண்டு நாள் வையுங்கள், துணி காயக் காயத் தண்ணீர் தெளிக்க வேண்டும். முளை நன்றாக வெளியே வந்ததும் வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, உள்ளங்கையில் தேய்த்து வேரை உதிர்த்து, ரவை பதத்தில் உடைத்துக்கொள்ளுங்கள். வறுக்கக் கூடாது. கடைக் கேழ்வரகு மால்ட் வாசனைக்காக வறுத்தது, அது இதற்கு உதவாது. பார்லிக்கு அடுத்தபடி நம் தானியங்களில் நொதி நன்றாக வருவது கேழ்வரகில்தான்; நெல்முளையிலும் உண்டு, அவ்வளவு வேகம் இருக்காது. சோளத்தை மட்டும் எடுக்காதீர்கள். அதன் பச்சை முளையில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது, தெரியாதவர் கையில் அது வேண்டாம்.

மாப்பிள்ளைச் சம்பா நொய் ஒரு கிலோ, ஆறு லிட்டர் தண்ணீரில் குழைய வேகட்டும். முழு அரிசியும் எடுக்கலாம், ஆனால் பத்தியச் சமையலுக்கு வைத்திருப்பதை இதில் போடுவானேன், நொய் போதும். கஞ்சி 70 டிகிரிக்கு ஆறியதும் கேழ்வரகு மாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கிளறுங்கள். இப்போது சூடு 63 முதல் 67 டிகிரிக்குள் நிற்க வேண்டும், ஒரு மணி நேரம். சமையல் தெர்மாமீட்டர் உங்களிடம் இருக்கும். தவலையை வைக்கோலுக்கு நடுவே இறக்கி மேலே சாக்கைப் போர்த்தினால் சூடு இறங்காது. கால் மணி நேரத்தில் கரண்டி நிற்கும் கஞ்சி தண்ணீர் போல இளகிவிடும். முதல் தடவை பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள். ருசித்துப் பாருங்கள், ஒரு பிடி சர்க்கரை சேர்க்காமல் இனித்துக் கிடக்கும்.

முடிந்ததா என்று பார்க்க மருந்துக் கடை டிங்க்சர் அயோடின் போதும். வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு கஷாயம் விட்டு அதன் மேல் ஒரு சொட்டு அயோடின். கருநீலமானால் மாவுச்சத்து பாக்கி, இன்னும் இருபது நிமிஷம் விடுங்கள். அயோடினின் பழுப்பு அப்படியே நின்றால் முடிந்தது. சோதித்ததைக் கொட்டிவிடுங்கள், திரும்பத் தவலையில் ஊற்றாதீர்கள்.

வடிகட்டுவதுதான் சிரமம். அரிசிக்கும் கேழ்வரகுக்கும் பார்லி போலக் கனமான உமி கிடையாது, துணி அடைத்துக்கொண்டு சொட்டும். இதற்கு உலகம் முழுக்க பியர்க்காரர்கள் வாங்கிப் போடுவது நெல் உமி. வெளிநாட்டில் பை பையாகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள், உங்களுக்கு ரைஸ் மில்லில் அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள். நன்றாகக் கழுவி, ஒரு கொதி கொதிக்கவைத்து வடித்த உமியை இரண்டு கைப்பிடி எடுத்துத் துணிக்கு மேல் பரப்பி, அதன் மேல் ஊற்றுங்கள். மேலே இரண்டு லிட்டர் வெந்நீரை மெதுவாக விட்டால் சக்கையில் ஒட்டிய இனிப்பும் இறங்கும். சக்கை மாட்டுக்கு நல்ல தீனி. கஞ்சியை விடப் பிரியமாகத் தின்னும், ஒரேயடியாக நிறையக் கொடுக்காதீர்கள்.

வடிகட்டிய கஷாயத்தை இருபது நிமிஷம் கொதிக்கவிடுங்கள். தட்டிய இஞ்சி, நன்னாரி வேர், கடைசியில் எலுமிச்சைத் தோல். தவலையைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வேகமாக ஆற்றி, உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். இதுதான் முக்கியம். டெல்டா காற்றில் ஈஸ்ட் தானாகவே மிதக்கிறது. இந்தக் கஷாயத்தை வெளியே ஒரு நாள் விட்டால் உங்களைக் கேட்காமலே நொதிக்கத் தொடங்கிவிடும், அப்புறம் அது மருமகன் பயப்படுகிற சமாசாரமாகிவிடும். மூன்று நாளுக்குள் குடித்துத் தீருங்கள், மேலே குமிழி கட்டினால் கொட்டிவிடுங்கள். மத்திய உணவுப் பாதுகாப்பு விதியில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் போனால்தான் மதுபானம் என்று இருக்கிறது. அது கடையில் விற்கிற பாட்டிலுக்கான கணக்கு. மதுவிலக்குச் சட்டம் வேறு, அந்த அரை சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு அதற்கு முன்னால் நிற்காதீர்கள்.

குடிக்கும்போது பாதிக்குப் பாதி சில்லென்ற சோடா சேர்த்தால் நுரை, கூர்மை எல்லாம் வரும். கோலி சோடாவும் நன்றாகத்தான் இருக்கிறது. பாட்டிலில் சர்க்கரை போட்டு நுரை வரவைக்கும் வேலையே வேண்டாம். ஒன்று மட்டும் மனதில் வையுங்கள்: இதில் லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும், மால்டோஸ் என்பதால் ரத்தத்தில் வேகமாக ஏறும். 58 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரை வியாதி இருந்தால் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் ஒரு வாயோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சிங்கப்பூரிலிருந்து வரும்போது ஈஸ்ட் பாக்கெட்டும், பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவும் கொண்டுவந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், இந்தப் பழக்கம் உள்ளவர்கள் விட்டுவிட்டு வருவதில்லை. பியர் ஈஸ்ட்டை ரொட்டி மாவில் போட்டுத் தீர்த்துவிடுங்கள். பேக்கரி ஈஸ்ட்டைவிட மெதுவாகப் பொங்கும், இரவு பிசைந்து காலையில் சுடலாம். ஹாப்ஸை ஃப்ரீசரில் காற்றுப் புகாமல் வையுங்கள். கஷாயத்தை அடுப்பிலிருந்து இறக்கியதும் லிட்டருக்கு ஒரு கிராம் போட்டு, பத்து நிமிஷம் மூடிவைத்து வடித்தால் பியர் மணம் அப்படியே ஏறும், கசப்பு அதிகம் இறங்காது. முதல் தடவை ஹாப்ஸ் பாதித் தவலைக்கும் நன்னாரி பாதித் தவலைக்கும் போட்டுப் பாருங்கள், வீட்டில் எது முதலில் காலியாகிறது என்று தெரிந்துவிடும்.